ஈழத்துச் சுவரோவிய வண்ணங்களும் நிறமாலை ஆராய்ச்சியும்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், இலக்கியம் என்னுஞ் சான்றுகளையே முதற்கண் நாடுவர். ஓவியத்தையுஞ் சான்றாகக் கொள்வாருளர். ஆயினும் அவர்கள் பெரும்பாலும் ஓவியத்தில் யாது வரையப்பட்டுளது என்பதையே நோக்குவர். அஃது எப்பொருள் கொண்டு வரையப்பட்டது என நோக்குவார் மிகச் சிலர். சுவரிலே தீட்டப்பட்ட வண்ணமும் ஒரு சாசனமே. அம்மண் எவ்விடத்தது, அச்சாயம் எந்நாட்டிலிருந்து வந்தது, கைவினைஞர் எம்முறையைக் கையாண்டனர், பிற்காலத்தார் எவ்விடத்திற் கைவைத்தனர் என்னும் வினாக்களுக்கெல்லாம் விடை அதன்கண் அடங்கிக் கிடக்கின்றது. அச்சாசனத்தைப் படித்தற்கு எழுத்தறிவு மாத்திரம் போதாது. ஒளியின் இயல்பையும் பொருளின் இயல்பையும் அறிந்த அறிவும் வேண்டும். அவ்வறிவு வளர்ந்த வரலாற்றை ஈழத்துச் சுவரோவியங்களை நடுவாக வைத்து ஆராய்தல் பயனுடைத்து.

இலங்கையின் நடுப்பகுதியில் அமைந்த மாத்தளை மாவட்டம் இவ்வாராய்ச்சிக்கு மிக ஏற்ற நிலம். அதன் கிழக்கே நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலிற் பல்லேகம முதலிய ஊர்கள் அமைந்துள்ளன. அதற்கு வடமேற்கிலே தம்புள்ளைக் குகைக் கோயில்களும் வடக்கிலே சீகிரிக் குன்றமும் உள்ளன. ஒரே மாவட்டத்தின் எல்லைக்குள், ஒன்றுக்கொன்று சில காததூரத்தில், ஏறத்தாழப் பன்னிரண்டு நூற்றாண்டுக் கால இடைவெளியுடைய இரு ஓவிய மரபுகள் நிலைபெற்றிருத்தல் அரிய பேறாகும். சீகிரியின் வண்ணங்கள் மண்ணிலிருந்தும் கல்லிலிருந்தும் பிறந்தவை. தம்புள்ளை வண்ணங்கள் எழுந்த மரபோ மண், கல் என்பவற்றோடு மரத்தையும் செடியையும் நாடியது. இவ்வேறுபாடே வண்ணமறியும் விஞ்ஞானத்தின் இரு படிகளையும் விளக்க வல்லது.

சீகிரிக் கோட்டையை அமைத்தவன் கி. பி. 477 முதல் 495 வரை ஆண்ட முதலாங் காசியப்பன் என்பது வரலாற்றாசிரியர் துணிபு. குன்றின் மேற்குப் பக்கத்திலே, தரையிலிருந்து மிக உயரத்தில், பாறை குடைந்தாற்போல அமைந்த இரு பொதும்புகளில் மகளிர் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. இன்று எஞ்சியிருப்பன இருபதையொட்டிய உருவங்களே. முற்காலத்தில் இவை ஐந்நூறு இருந்தன எனக் கண்ணாடிச் சுவரிலுள்ள பழம்பாட்டொன்று குறிப்பிடுகின்றது. சீகிரியைக் காண வந்தோர் அச்சுவரிற் கீறிவைத்த பாக்களுள் 685 பாக்களைப் படித்து, 1956ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார் பேராசிரியர் செனரத் பரணவிதான. அப்பாக்களிற் பெரும்பாலான கி. பி. எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையுள்ள காலத்தவை. ஆகவே ஓவியம் தோன்றிச் சில நூற்றாண்டுகளின் பின் அதனைக் கண்டோர் எந்நிறத்தைக் கண்டனர் என்பதற்கு எழுத்துச் சான்றும் உளது. உலகிற் பண்டையோவியம் எதற்கும் இத்தகைய சான்று எளிதிற் கிடைப்பதன்று.

அப்பாக்களிற் பொன்னிறப் பெண்டிர் எனவும் நீலோற்பல நிறத்துப் பெண்டிர் எனவும் இருவகையினர் கூறப்படுகின்றனர். சுவரிலும் பொன்போன்ற மேனியரும் பசுமை கலந்த கருமேனியரும் காணப்படுகின்றனர். இவ்விரு நிறங்களைக் கொண்டே, பொன்மேனியர் மின்னலையும் கருமேனியர் முகிலையும் குறிப்பர் எனப் பரணவிதான விளக்கினார். அவர்கள் பிதுரங்கல விகாரைக்கு வழிபடச் செல்லும் அரசியரும் தோழியரும் என்றார் அவருக்கு முன்னிருந்த தொல்பொருள் ஆணையாளர் எச். சி. பி. பெல். விண்ணுலக மகளிர் என்றார் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. தாராதேவியின் வடிவங்கள் என்றார் பின்னாளில் ஆணையாளராக விளங்கிய இராஜா த சில்வா. இக்கொள்கைகளுள் எது பொருந்தும் என்பது ஈண்டு ஆராயப்படவில்லை. ஆனால் நிறத்தை அடிப்படையாகக் கொண்ட எந்த விளக்கமும், அந்நிறம் ஓவியன் தீட்டிய நிறந்தானா, காலத்தால் மாறிய நிறமா என்னும் வினாவுக்கு முதலில் விடை கூறவேண்டும். அவ்விடை கலையறிஞரிடத்து இல்லை, இரசாயனவறிஞரிடத்தே உளது.

வண்ணம் மாறுவது கற்பனையன்று. சீன தேசத்துத் துன்குவாங் குகைகளிற் பல உருவங்களின் முகம் கருநிறமாகக் காணப்படுகின்றது. ஈயச் செந்தூரம் காற்றும் ஈரமும் ஒளியும் பட்டுக் கருநிற ஈயவொட்சைட்டாக மாறியதே அதற்குக் காரணம். இதனை அறியாத ஒருவர் அம்முகங்களை வேற்றினத்தார் முகங்களென்று கொண்டு ஒரு வரலாறே எழுதிவிடக் கூடும். சீகிரியிலோ நிலைமை வேறு. அங்கே பயின்ற வண்ணங்கள் செங்காவி, மஞ்சட் காவி, பச்சைமண், வெள்ளை, கரி என்பன எனச் சோதனைகள் காட்டின. காவிகள் இரும்பின் சேர்வைகள். பச்சைமண்ணும் இரும்பு கலந்த ஒருவகைக் களிமண்ணே. இவை ஒளியாலும் ஈரத்தாலும் எளிதில் நிறந்திரியாதன. ஆதலால் பழம்பாட்டிற் கூறப்பட்ட இருவகை நிறமும் இன்று காணப்படும் இருவகை நிறமும் ஒத்திருத்தற்கு இயற்கையான காரணமுண்டு. அசந்தாவிற் பயின்ற நீலக்கல் வண்ணம் சீகிரியில் இடம்பெறாமையும் கருதற்பாலது. அந்நீலம் ஆப்கானித்தானத்து மலைகளில் அகழப்பட்டு நெடுந்தூரம் கொண்டுவரப்பட்டது. அது வந்த இடமும் வாராத இடமும் வணிக வரலாற்றுக்கு உரிய செய்திகளாம்.

இத்தகைய சோதனைகள் முதலில் எவ்வாறு நடைபெற்றன? ஓவியத்தின் சிறு துணுக்கொன்றைப் பெயர்த்தெடுத்து, அமிலத்திற் கரைத்து, எரித்து, நுணுக்குக்காட்டியின் கீழ் நோக்கி முடிவு காண்பதே அக்கால முறை. தமிழ்நாட்டில் இத்துறைக்கு வித்திட்டவர் சென்னை அரசாங்க அருங்காட்சியகத்து இரசாயன ஆய்வாளர் எஸ். பரமசிவன். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் காலத்து ஓவியத்தின் கீழே சோழர் காலத்து ஓவியம் மறைந்திருத்தலை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து எஸ். கே. கோவிந்தசாமி 1930களின் தொடக்கத்தில் வெளிப்படுத்தினார். அவ்வோவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் பரமசிவன் சோதித்து, சோழர் ஓவியம் ஈரச்சாந்தின் மீது தீட்டப்பட்டது, சுண்ணாம்பே வண்ணத்தைப் பிணித்து நிற்பது என நிறுவினார். ஈழத்திற் சீகிரி ஓவியங்களின் முறைபற்றி இராஜா த சில்வா விரிவாக ஆராய்ந்தார். அவை ஈரச்சாந்தில் தீட்டியனவா, உலர்ந்த சுவரிற் பசைகலந்து தீட்டியனவா, இரண்டும் விரவியனவா என்பதுபற்றி அறிஞரிடையே நெடுங்காலம் வாதம் நிகழ்ந்தது. முன்னோர் செய்த இவ்வாராய்ச்சிகள் போற்றற்குரியன. ஆயினும் ஒவ்வொரு சோதனைக்கும் ஓவியத்தின் ஒரு துணுக்கு விலையாகக் கொடுக்கப்பட்டது. அவ்வாறு எடுத்த துணுக்கு சுவருக்கு மீள்வதில்லை.

வண்ணமறிதல் வெறும் நூலறிவன்று. ஓவியத்தின் உயிர் அதனைப் பற்றி நிற்பது என்பதை 1967ஆம் ஆண்டு நிகழ்ந்த கேடு உணர்த்திற்று. அவ்வாண்டு ஒக்டோபர் 14ஆம் நாள், சீகிரி ஓவியங்களின்மேற் கடையில் விற்கும் பச்சை வண்ணம் பூசப்பட்டிருத்தல் காணப்பட்டது. ஆயிரத்தைந்நூறு ஆண்டு காற்றையும் மழையையும் தாங்கிய உருவங்கள் ஓரிரவிற் சிதைவுற்றன. உரோமாபுரியில் அமைந்த அனைத்துலகப் பாதுகாப்பு நிலையத்தின் துணையோடு லூசியானோ மரன்சி என்னும் இத்தாலிய வல்லுநர் வந்து, தொல்பொருட் பகுதியினருடன் கூடி அவற்றைத் தூய்மை செய்தார். அப்பணியின் அருமையை எண்ணுக. புதிய வண்ணத்தைக் கரைக்குந் திரவம் பழைய வண்ணத்தைப் பிணித்து நிற்கும் பசையையுங் கரைத்துவிடக் கூடும். மேலே உள்ள பச்சை இன்றையது. கீழே உள்ள பச்சை காசியப்பன் காலத்தது. இரண்டையும் பிரித்தறியாத கை தீயவன் தொடங்கிய அழிவை முடித்துவைக்கும் கையாகிவிடும். ஆகவே எந்த ஓவியத்தையும் தொடுமுன் அதன் பொருளை அறிதல் வேண்டும். அறிதற்பொருட்டும் அதனைச் சிதைத்தல் கூடாது. இவ்விரு கட்டளைகளும் ஒன்றோடொன்று முரணுவன போலத் தோன்றும். அம்முரணைத் தீர்க்க வந்ததே நிறமாலை ஆராய்ச்சி.

ஞாயிற்றின் ஒளி கண்ணாடிப் பட்டகத்தினூடு சென்று பல நிறங்களாகப் பிரிதல் யாவரும் அறிந்ததே. அவ்வாறு விரிந்த நிறத்தொகுதியே நிறமாலை எனப்படும். ஒவ்வொரு பொருளும் தான் பெற்ற ஒளியில் ஒரு பகுதியை உண்டு மறுபகுதியைத் திருப்பியனுப்பும். அவ்வாறு திரும்பிய ஒளியை விரித்து அளந்தால் பொருளின் அடையாளம் புலப்படும். ஓவியத்தின்மேல் எக்சுக் கதிரைப் பாய்ச்சினால், அதிலுள்ள மூலகங்கள் தத்தமக்குரிய கதிரை உமிழும். இரும்பு தோன்றினாற் காவியென்றும், இரசம் தோன்றினாற் சாதிலிங்கமென்றும், ஆசனிக்குத் தோன்றின் அரிதாரமென்றும் ஊகிக்கலாம். இக்கருவிகளுட் சில இன்று கையிற் கொண்டுசெல்லத்தக்க அளவினவாய்ச் சுவரைத் தொடாமலே அளக்க வல்லனவாயுள.

இவ்வழிகளுள் தமிழர் தனிப்பெருமை கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், 1928ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் கல்கத்தாவிற் கண்ட ஒளிச்சிதறலே அது. 1930இல் அவருக்கு நோபெற் பரிசை ஈட்டித் தந்ததும் அதுவே. ஒரே நிறமுடைய ஒளி ஒரு பொருளிற் பட்டுச் சிதறும்போது, அதில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிப்படும். பொருளின் மூலக்கூறுகள் அதிரும் அதிர்ச்சிக்கேற்ப அம்மாற்றம் அமையும். ஆதலின் மாறிய ஒளியின் நிறமாலை அப்பொருளின் கைரேகை போன்றது. எக்சுக் கதிர் இரும்புண்டு என்று மாத்திரம் கூறும். இராமன் முறையோ அவ்விரும்பு எந்தச் சேர்வையாக உளது என்பதையுங் கூறும். 1960இல் இலேசர் ஒளி தோன்றிய பின்னர், நுணுக்குக்காட்டியோடு இணைந்து இம்முறை ஓவியத்திலுள்ள தனித்தனி மணிகளையும் ஆராயும் ஆற்றல் பெற்றது. காவி, சாதிலிங்கம், அரிதாரம், நீலக்கல், சுண்ணாம்பு ஆகிய கனிப்பொருள்களெல்லாம் இதற்குத் தம்மை எளிதில் வெளிப்படுத்தும்.

இனித் தம்புள்ளைக்கு வருவோம். அங்குள்ள ஐந்து குகைகளிற் சுவரிலும் கூரையிலுமாக ஏறத்தாழ 2,100 சதுர மீற்றர் பரப்பு ஓவியத்தால் மூடப்பட்டுளது. அக்கோயிலின் தொன்மை கிறித்துவுக்கு முற்பட்டதாயினும், இன்று காணப்படும் ஓவியங்களிற் பெரும்பகுதி கண்டியரசர் காலத்து மரபைச் சேர்ந்தது. 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி சிறீ இராசசிங்கன் காலத்தில் அவை பெரிதும் புதுப்பிக்கப்பட்டன. அம்மரபின் வண்ணங்களை எழுத்தில் வடித்தவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பிற் பிறந்த அவர் முதலிற் புவியியல் அறிஞராய் இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராகப் பணியாற்றினார். கல்லை ஆராயச் சென்ற ஊர்களிற் கலையைக் கண்டு, 1908இல் இடைக்காலச் சிங்களக் கலைபற்றிய பெருநூலை வெளியிட்டார். கண்டி நாட்டு ஓவியர் வெண்களிமண்ணையும் சாதிலிங்கத்தையும் அரிதாரத்தையும் பயன்படுத்தியதோடு, கொகட்டு என வழங்கும் மரத்தின் மஞ்சட் பிசினையும் அவுரி நீலத்தையும் பயன்படுத்தினர் என்பதும், விளாம்பிசினிற் குழைத்துத் தீட்டினர் என்பதும் அவர் காட்டிய உண்மைகளாம். வடமொழியில் விட்டுணுதருமோத்தரம் கூறும் வண்ணப்பொருள்களுள்ளும் அரக்கும் அவுரியும் இடம்பெறுகின்றன.

பிசினும் சாயமும் ஆகிய இத்தாவரப் பொருள்களிடத்தே மேற்கூறிய கருவிகள் தடுமாறுகின்றன. அவை பெரும்பாலும் காபன், ஐதரசன், ஒட்சிசன் என்பவற்றாலானவை. எக்சுக் கதிருக்கு அவை ஊமையாய் நிற்கும். இராமன் முறையோ வேறொரு தடையை எதிர்ப்படும். இலேசர் ஒளி பட்டதும் சாயங்கள் பல தாமே பேரொளியாக ஒளிரும். அவ்வொளிர்வின் பெருக்கில், கோடி பங்கில் ஒரு பங்கேயாகிய இராமன் ஒளி, கோயிற் பேரிகையின் முன் வீணையொலி போல மறைந்துவிடும். சாயம் சுவரில் மிகக் குறைந்த அளவினதாயிருத்தலும் ஒளியால் வெளிறிப் போதலும் இடர்ப்பாட்டை மிகுவிக்கும். விரைவில் அழியும் வண்ணமே விரைந்து அறியப்படவேண்டியது. அதுவே அறிதற்கு அரிதாயும் நின்றது.

இத்தடையை நீக்கியது எதிர்பாராத ஒரு கண்டுபிடிப்பு. 1974இல் இங்கிலாந்திலே சௌதாம்ற்றன் பல்கலைக்கழகத்தில் பிளைஷ்மன், கெந்திரா, மக்குவிலன் என்னும் மூவர், சொரசொரப்பாக்கிய வெள்ளித் தகட்டில் ஒட்டிய பிரிடின் என்னுஞ் சேர்வையை ஆராய்ந்தபோது, இராமன் ஒளி மிக வலிதாய் வெளிப்படுதலைக் கண்டனர். 1977இல் அமெரிக்காவில் வான் டைன் குழுவினரும் இங்கிலாந்திற் கிறைற்றன் குழுவினரும், இது வெள்ளிப் பரப்பின் தனியாற்றலால் விளைந்த பெருக்கமென வெவ்வேறாக நிறுவினர். வெள்ளியை மிக நுண்ணிய துகளாக்கினால் இவ்வாற்றல் நன்கு வெளிப்படும். மில்லிமீற்றரின் பத்திலட்சத்திலொரு பங்கு நனோமீற்றர் எனப்படும். பயன்படும் வெள்ளித் துகள்கள் சில பத்து நனோமீற்றர் அளவின; தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கினுஞ் சிறியன. அத்தகைய துகளில் ஒளி பட்டதும் அதிலுள்ள இலத்திரன்கள் ஒருங்கே ஊசலாடும். அதனால் துகளையொட்டிய இடத்தில் ஒளியின் வலிமை பன்மடங்காகும். அங்கே ஒட்டிநிற்கும் சாய மூலக்கூற்றின் இராமன் ஒளி பத்திலட்சம் மடங்கும் அதற்கு மேலும் பெருகும். இடர் செய்த ஒளிர்வோ உலோகத்தோடு சேர்ந்ததால் அடங்கிவிடும். பேரிகை ஓய, வீணை உரத்து ஒலிப்பதாயிற்று.

இத்துகள்களை ஆக்குதல் அரிதன்று. வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைக் கொதிக்கவைத்துச் சோடியஞ் சித்திரேற்றுச் சேர்க்கும் முறையை 1982இல் லீ, மைசல் என்போர் வெளியிட்டனர். அது கல்லூரி ஆய்வுகூடத்திலும் செய்யத்தக்கது. கண்ணுக்கு அரிதாகவே புலப்படும் வண்ணமணி ஒன்றின்மேல் அக்கரைசலில் ஒரு துளியிட்டு இலேசர் ஒளியைச் செலுத்தினாற் போதும். வெள்ளித் துகள் பொதிந்த அகர்க் கூழைச் சிறிது நேரம் ஓவியத்தில் ஒற்றியெடுத்து, அக்கூழ் கவர்ந்த அணுவளவு சாயத்தை ஆராயும் முறையும் தோன்றியுளது.

இம்முறையால் வெளிப்பட்ட உண்மைகள் வியக்கத்தக்கன. நியூயோர்க்கு மாநகரக் கலைக்கூடத்து மார்க்கோ லியோனா 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுக்கு முற்பட்ட எகித்து நாட்டு அம்பறாத்தூணியின் தோற்றுண்டில் மஞ்சிட்டியினத்துச் செடியின் செஞ்சாயம் இருத்தலைக் காட்டினார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு தேசத்திற் செய்த மரியன்னையின் மரச்சிற்பமொன்றில் அரக்குச் செம்மை பூசப்பட்டிருத்தலையும் அவர் கண்டார். அரக்கு இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பூச்சிகள் மரக்கிளைகளில் ஆக்குவது. எனவே ஒரு மணியளவு வண்ணம், கீழ்த்திசை வணிகப்பொருள் அக்காலத்தில் எவ்வளவு தூரஞ் சென்றது என்பதற்குச் சாசனமாயிற்று. ரெனுவார் 1883இல் தீட்டிய கிளாப்பிசோன் அம்மையாரின் உருவத்திற் பின்புலம் வெளிறிக் கிடந்தது. சட்டத்தின் மறைவில் ஒளிபடாதிருந்த ஓரத்தைச் சிக்காகோக் கலைக்கழகத்தார் இம்முறையால் ஆராய்ந்து, இந்திரகோபச் செம்மை போன்ற பூச்சிச்சாயம் அங்கே மிகுந்திருந்ததென நிறுவினர். அமைதியான பின்புலம் எனப் பாராட்டப்பட்டது உண்மையிற் செஞ்சுடர் விட்ட பின்புலமாம். நிறம் போனபின் ஓவியன் கருத்தைப் பற்றிக் கூறப்பட்டவையெல்லாம் மீள எண்ணத்தக்கனவாயின.

வண்ணங்கள் காலத்தை வரையறுக்கவும் உதவும். பிரசிய நீலம் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பேர்லினிற் பிறந்தது. செயற்கை நீலக்கல் வண்ணம் 1820களின் இறுதியில் தோன்றியது. தைற்றானிய வெள்ளை இருபதாம் நூற்றாண்டுக்குரியது. ஒரு குகைச் சுவரில் இவற்றுள் ஒன்று காணப்படின், அவ்விடத்தில் அக்காலத்துக்குப் பிற்பட்ட கை பட்டுளது என ஐயமின்றிக் கூறலாம். பலமுறை புதுப்பிக்கப்பட்ட தம்புள்ளை போன்ற கோயில்களில் எப்பகுதி எவ்வரசன் காலத்தது எனப் பிரித்தறிய நடையழகு ஒன்றே அளவுகோலாக நின்றது. அதனோடு வண்ணமும் சான்றாகச் சேரின், முடிபு உறுதி பெறும்.

எனினும் எந்தக் கருவியையும் தனித்து நம்புதல் தகாது. வெள்ளித் துகள்கள் எல்லாச் சாயங்களையும் ஒருதன்மையாகப் பற்றுவதில்லை. ஒன்றை மிகைப்படுத்தி மற்றொன்றை மறைத்தலுங் கூடும். வெள்ளி பட்ட மணி முன்னைய நிலைக்கு மீள்வதுமில்லை. ஆகவே சுவரைத் தொடாத அளவைகளை முதலிற் செய்து, அவை விடைகூறாத இடத்து மாத்திரம் அணுவளவு மாதிரி எடுத்து, பலமுறைகளும் ஒத்துரைப்பதையே முடிபாகக் கொள்ளவேண்டும். பழைய படிகளுங் குறிப்புகளும் இங்கே துணையாகும். 1889இல் அலிக் மறே சீகிரிப் பொதும்பையடைந்து வரைந்த படிகளும், 1896–97இல் டி. ஏ. எல். பெரேரா நெய்வண்ணத்தில் எடுத்த படிகளும் ஓவியத்தின் அன்றைய நிலைக்குச் சான்று பகர்வன. கல்வெட்டறிஞர் பல படிகளை ஒப்பிட்டுப் பாடங் காண்பது போன்றதே இப்பணியும்.

சீகிரியும் தம்புள்ளையும் உலகறிந்தவை. அவற்றைக் காப்பார் பலருளர். பல்லேகமவையும் அதுபோன்ற மலைச்சாரல் ஊர்களையும் சூழ்ந்த கண்டி நாட்டுச் சிறு விகாரைகளின் நிலை அன்னதன்று. சமயப்பற்றுடையோர் பழைய சுவரைப் புதுப்பிக்க விழைதல் இயல்பே. தமிழர் கோயில்களிலும் திருப்பணியின்போது பழைய ஓவியத்தின்மேற் சுண்ணாம்பு பூசப்படுதல் அறியாததன்று. அதனைச் செய்வோர் பகைவரல்லர், பத்தியுடையோரே. ஆயினும் 1967இல் தீயவன் கை ஓரிரவிற் செய்ததை நல்லோர் கை ஒரு திருவிழாவுக்குள் நிரந்தரமாகச் செய்துவிடுகின்றது. வெள்ளையடிக்குமுன் ஒருமுறை அளந்து குறித்துவைத்தல் பெருஞ் செலவினதன்று. இராமன் கண்ட ஒளியும் வெள்ளியின் நுண்துகளும் அதற்குக் கருவிகள். வரலாற்று மாணவரும் இரசாயன மாணவரும் ஒரே சுவரின் முன் ஒருங்கு நிற்பாராயின், அச்சுவர் தன் வரலாற்றைத் தானே கூறும். அதன்மேற் பூசப்பட்ட சுண்ணாம்பு கூறுவதற்கு ஒன்றுமில்லை.